ஆறு நாடும் ஒரு கொப்புளமும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் காட்பாடியிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரை ஆசையாகக் கூட்டிப் போகிறார்கள், ஆனால் போன இடத்தில் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள், நாலு ஊரைச் சுற்றிக் காட்ட மனசு வருவதில்லை என்பது அவருடைய வருத்தம்.

நான் இப்போது விடுமுறையில் குடியாத்தம் வந்திருக்கிறேன். காலையில் நைனா பேப்பரை அந்தக் கடிதம் மேலே தெரியும்படி மடித்து என் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். (எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.) போகும்போது மீசைக்குள் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கால் பற்றிய பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

நான் செவிலியர். வேலூரில் படித்து, ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை வரை முட்டிமோதித் தேறி, ஜெர்மனி போனேன். ஃபிராங்க்பர்ட்டை ஒட்டியிருக்கும் ஓஃபன்பாக் நகரில் வீடு. கணவர் அங்கேயே ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். 2024-இல் நைனா, அம்மா, அத்தை, தம்பியின் ஒன்பது வயது மகன் என்று நாலு பேரையும் கூப்பிட்டேன். காட்பாடிப் பெரியவர் என்ன ஆசைப்படுகிறாரோ அதை நான் ஒன்றுவிடாமல் செய்தேன். பதினோரு நாள், ஆறு நாடு. அந்தக் கதையை அவர் கேட்க வேண்டும்.

விசா வேலையே ஒரு தனிப் பயணம். இவர்கள் செலவு முழுவதற்கும் நானே பொறுப்பு என்று அங்கே அயல்நாட்டவர் அலுவலகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு, அந்தப் பத்திரத்தை ஊருக்கு அனுப்பினேன். ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. பெரியவர்களுக்கு அப்போது விசாக் கட்டணம் 80 யூரோ. அந்த ஜூன் 11-இலிருந்து அது 90 ஆகிவிட்டது. பெரியவர்கள் கைரேகை வைக்க, பையனையும் கூட்டிக்கொண்டு நாலு பேரும் விடியற்காலை ரயிலில் சென்னைக்குப் போய் வந்தார்கள். தோல் பதனிடும் டேனரியில் 34 வருஷம் இருந்த கை நைனாவுடையது. சுண்ணாம்பும் ரசாயனமும் தின்று தின்று விரல் நுனி வழுவழுவென்று இருக்கும். ரேகை பதியாமல் மூன்று முறை துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார்களாம்.

அப்புறம் தேர்தல். ஏப்ரல் 19 ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று நைனா பிடிவாதம். போட்டுவிட்டு, மை காயாத விரலோடு வந்து இறங்கினார். அத்தையின் பையில் ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ. பால் பொருட்களைப் பயணிகள் ஐரோப்பாவுக்குள் எடுத்து வரக்கூடாது என்று போனில் பத்து முறை சொல்லியிருந்தேன். "சக்கரப் பாகுல ஊறினு கீது, அதுல பாலு எங்கடி தெரியுது?" என்றார். ஃபிராங்க்பர்ட் சுங்கத்தில் அது தெரிந்துவிட்டது. அத்தை அதைக் குப்பையில் போட்ட அதிகாரியைப் பற்றி இன்னமும் பேசுகிறார்.

முதல் மூன்று வாரம் எனக்கு டியூட்டி. விடுப்பைச் சேர்த்து வைப்பதற்காக இரவுப் பணியை எல்லாம் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இவர்கள் வீட்டில் இருந்தார்கள். அடைத்து வைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். அம்மாவுக்கு ஒரே குழப்பம், விளக்கு வைப்பது எப்போது என்று. மே மாதத்தில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். ஊரில் ஆறு மணிக்கு விளக்கேற்றியே பழகியவர், சூரியன் போகட்டும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, அப்படியே சோபாவில் தூங்கிப்போவார். "இன்னாமா ஊரு இது, ராத்திரி ஆவவே ஆவாதா?" என்பார் நைனா.

மே 12, ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நாங்கள் இரண்டு பேர், அவர்கள் நாலு பேர், ஏழு பெட்டி. ஏழாவது பெட்டியில் ஒரு சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு டின் இரண்டு. என் திட்டம் காகிதத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. பாரிசில் மூன்று இரவு, சுவிட்சர்லாந்தில் இரண்டு, வெனிசில் இரண்டு, ரோமில் இரண்டு, கடைசியாக ஒரு இரவு ரயில். எந்த ரயில் எந்த பிளாட்பாரம் என்பது வரை நிறம் நிறமாக எழுதி வைத்திருந்தேன். வார்டில் மருந்து அட்டவணை எழுதிப் பழகிய கை. அந்த அட்டவணையில் "உட்காரும் நேரம்" என்று ஒரு கட்டம் இல்லை.

ஃபிராங்க்பர்ட்டிலிருந்து பாரிசுக்கு ரயிலில் நாலு மணி நேரம். அது சுகமாகத்தான் போனது. மறுநாள் ஈஃபில் கோபுரம். 330 மீட்டர் உயரம், 1889-இல் கட்டியது என்று தம்பி மகன் ஒப்பித்துக்கொண்டே வந்தான். இரண்டு மாதத்தில் ஒலிம்பிக் வருவதால் சுற்றிலும் பார்வையாளர் மேடைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போனதில் நடை இரண்டு மடங்கு. லிஃப்ட் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றோம். நைனா ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வரிசை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை லூவ்ர் அருங்காட்சியகம். மோனாலிசாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நான்தான் வைத்திருந்தேன், வேறு யாரும் கேட்கவில்லை. கண்ணாடிப் பிரமிடு வரை போனபின் தெரிகிறது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. அது ஊரறிந்த விஷயம். நிறம் நிறமாக அட்டவணை போட்டவளுக்குத்தான் தெரியவில்லை. என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைய சண்டைக்கு அது ஆரம்பம்.

ஆனால் அன்றைக்கு வைகாசி ஒன்று. குடியாத்தத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவருகிற நாள். அத்தை பிறந்ததிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை. கல்யாணமாகிப் பேரணாம்பட்டு போன பிறகும் முதல் நாளே வந்து சேர்ந்துவிடுவார். தம்பி அங்கிருந்து வீடியோவாக அனுப்பிக்கொண்டே இருந்தான். சிரசு ஊர்வலம், தேங்காய் உடைக்கிற சத்தம், கும்பல், பம்பை. அத்தை அந்தப் பிரமிடுக்குப் பக்கத்தில் இருந்த கல் திண்ணையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். போனைக் கையில் பிடிக்காமல் முறுக்கு டின்னின் மேல் சாய்த்து வைத்தார். சிரசு தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜப்பான்காரர் ஒருவர் நின்று அத்தையைப் போட்டோ எடுத்தார். ஒன்றரை மணி நேரம் அங்கேயே இருந்தோம். அந்தப் பதினோரு நாளில் நாங்கள் ஆறு பேரும் ஒரே இடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தது அப்போதுதான், அதுவும் கதவு சாத்தியிருந்ததால்.

அன்று மாலை லா ஷப்பல். இலங்கைத் தமிழர் கடைகள் நிறைந்த தெரு அது. இடியாப்பம், சொதி, கறிவேப்பிலைக் கட்டு, ஊதுபத்தி வாசனை. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். "வாங்கோ அம்மா, இருங்கோ" என்று கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டதில் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரிசுல இன்னா பார்த்த?" என்று ஊரில் யார் கேட்டாலும் அம்மா முதலில் சொல்வது அந்த நாற்காலியைத்தான்.

அடுத்தது சுவிட்சர்லாந்து. யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏலகிரியைப் போல மூன்று மடங்கு. 1912-லேயே மலையைக் குடைந்து பாதை போட்டிருக்கிறார்கள். இன்டர்லாகனிலிருந்து போய்வர ஆளுக்கு இருநூறு பிராங்குக்கு மேல். காலையில் எழுந்து டிவியில் மேலே இருக்கும் கேமராவைப் பார்த்தால் ஒரே வெள்ளை. மூட்டம். ஒன்றும் தெரியாது என்பது கீழேயே தெரிந்துவிட்டது. அப்போதாவது "வேண்டாம், இன்றைக்கு ஏரிக்கரையில் உட்காருவோம்" என்று யாராவது சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அதை நினைத்து நினைத்துத்தான் இந்தக் கடிதமே. நான் சொல்லவில்லை, ஏனென்றால் இவர்கள் இனிமேல் எப்போது வரப்போகிறார்கள். நைனா சொல்லவில்லை, ஏனென்றால் டிக்கெட் வாங்கிவிட்டாள் பெண். (வாங்கவே இல்லை, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.) அம்மா சொல்லவில்லை, ஏனென்றால் நைனா சொல்லவில்லை. அத்தை மட்டும் "மேல போயி இன்னா பண்ணப் போறோம்?" என்று கேட்டார். அதை நாங்கள் எல்லோரும் ஜோக்காக எடுத்துக்கொண்டோம்.

மேலே போனோம். மூட்டம். பையன் பனியை உருட்டி விளையாடினான், அவனுக்குச் சொர்க்கம்தான், அதை மறுக்கவில்லை. நைனாவுக்குத் தலை சுற்றியது. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் இருக்கிற அறுபத்தெட்டு வயதுக்காரரை டாக்டரைக் கேட்காமல் அந்த உயரத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்று வேறு யாருக்கும் நானே சொல்லியிருப்பேன். இன்சுலின் பேனா குளிரில் உறைந்துவிடக்கூடாது என்று அதை மட்டும் நெஞ்சோடு அணைத்து என் சட்டைக்குள் வைத்திருந்தேன். இன்சுலினுக்கு இருந்த கவனிப்பு அதைப் போட்டுக்கொள்கிற ஆளுக்கு இல்லை.

அன்று இரவு ஓட்டல் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு ரைஸ் குக்கரில் சோறு வைத்தேன். அறையில் சமைக்கக்கூடாது என்று நாலு மொழியில் எழுதி ஒட்டியிருந்தது. கழிப்பறை மூடிமேல் குக்கர், வாசலில் காவலுக்கு ஒன்பது வயதுப் பையன். பதினைந்து வருஷம் படித்து, கடல் தாண்டி, ஐந்து வருஷம் உழைத்த பெண்ணின் நிலைமை. அந்தச் சோறும் புளிக்காய்ச்சலும் இருந்த ருசியைச் சொல்லி முடியாது.

சிம்ப்ளான் சுரங்கம் வழியாக இத்தாலி போனோம். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் இருட்டு. நைனா அதில் நன்றாகத் தூங்கினார்.

வெனிஸ். நானூறுக்கு மேல் பாலங்கள், பெரும்பாலும் ஏறி இறங்க வேண்டிய படிகள். படகு டிக்கெட் 75 நிமிஷத்துக்கு ஆளுக்கு ஒன்பதரை யூரோ. ஆறு பேருக்குக் கணக்குப் போட்டு, "அய்யாயிரம் ரூவாயா? நடந்தே போலாம் வா" என்றார் நைனா. நடந்தோம். அவர் காலையில் ஓட்டலில் இன்சுலின் போட்டுக்கொண்டு, ஒரு காய்ந்த ரொட்டித் துண்டை மட்டும் கடித்திருக்கிறார். மீதியை நாப்கினில் சுற்றிப் பையனுக்கு வைத்திருக்கிறார். மதியச் சாப்பாடு தேடி இரண்டு மணியாகிவிட்டது. ஏதோ ஒரு பாலத்தின் நடுவில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டார். முகம் வெளுத்து, கழுத்தெல்லாம் வியர்வை, என்ன கேட்டாலும் ஒரு நொடி தள்ளிப் பதில் வருகிறது. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், 62. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. பையன் கையில் இருந்த ஆரஞ்சு ஜூஸைப் பிடுங்கிக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் பாலத்தின் படியில் உட்கார வைத்து மறுபடி பார்த்தால் 94. எங்களைச் சுற்றிக்கொண்டு போன கும்பல் எல்லாம் போட்டோ எடுத்தபடியே போனது.

அன்று இரவு, நிலப்பகுதியில் மெஸ்த்ரேயில் எடுத்திருந்த மலிவு ஓட்டலில், நைனா சாக்ஸோடு படுக்கப் போனார். கழற்றுங்கள் என்றேன். குளிராக இருக்கிறது என்றார். குளிரே இல்லை. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. வார்டில் இப்படிச் சாக்ஸைக் கழற்ற மறுக்கிற எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

இடது கால் சாக்ஸ் பாதத்தோடு ஒட்டியிருந்தது. பக்கெட் கிடையாது, குப்பைக் கூடையில் பிளாஸ்டிக் பையை விரித்து வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்து, காலை உள்ளே வைத்தேன். நைனா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மெல்ல டீ நிறத்துக்கு மாறியது. சாக்ஸைக் கத்தரித்து உரித்தேன். கட்டைவிரல் அடியில், பாரம் விழுகிற இடத்தில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம் எழும்பி, உடைந்து, தோல் மடிந்து கிடந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். பாரிசில் ஆரம்பித்திருக்கிறது. பயணத்துக்கென்று ஆம்பூரில் புது ஷூ வாங்கியிருந்தார், ஜெர்மனிக்கு ஏற்றுமதியாகிற ரகம் என்று கடையில் சொன்னதால். தோலிலேயே 34 வருஷம் இருந்தவர், புதுத் தோல் பழகாமல் போட்டு நடந்தால் என்ன செய்யும் என்பது தெரியாதா? "ஏன் சொல்லவில்லை?" என்று கத்திவிட்டேன்.

"வலிக்கவே இல்லமா" என்றார்.

அதுதான் என்னை நடுங்க வைத்தது. வலிக்காததுதான் நோய். பல வருஷச் சர்க்கரை கால் நரம்பைத் தின்றுவிட்டால், ஆணி குத்தினாலும் தெரியாது. வலி இல்லை என்பதால் நடந்துகொண்டே இருப்பார்கள். நான் வேலை பார்க்கிற வார்டில் தினமும் அப்படி வந்த யாருக்காவது கட்டுப் போடுகிறேன். விரல் எடுத்தவர்கள், பாதி பாதம் எடுத்தவர்கள். என் நைனாவின் கால் ஆறு நாளாக என் பக்கத்திலேயே நடந்து வந்தும் என் கண்ணில் படவில்லை. ஆசிரியர் ஐயா, சர்க்கரை இருக்கிற பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும், திருப்பதி போனாலும் சரி, தினமும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுத் தூங்க விடுங்கள். ஷூ பழசாக இருக்கட்டும்.

பச்சைச் சிலுவை எரிகிற மருந்துக் கடை ஒன்றைத் தேடிப் பிடித்துக் கட்டுத்துணி வாங்கி வந்தார் கணவர். பகல் சண்டையெல்லாம் மறந்துபோய் இரண்டு பேரும் அந்த அறைத் தரையில் உட்கார்ந்து அட்டவணையைப் பாதியாக வெட்டினோம். ரோமை விட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்றேன். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டல் காசு போச்சே என்று ஆரம்பித்தார். அவரோடு அந்தச் சண்டையில் நான் ஜெயிக்கவில்லை. ஆனால் ரோமில் டாக்சிதான், எங்கே போனாலும் உட்கார இடம் பார்த்துத்தான் என்று நிபந்தனை.

அதனால் ரோம் நன்றாகவே இருந்தது. கொலோசியத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. வாட்டிகனில் அந்தப் பெரிய தூண் மண்டபத்தின் நிழலில் படியில் உட்கார வைத்தேன். ஒரு நாடே இவ்வளவுதானா என்று நைனா கேட்டார். கணவர் போனில் பார்த்துச் சொன்னார், நூற்றுச் சொச்சம் ஏக்கர். "நம்ம வேலூர்க் கோட்டை 133 ஏக்கருடா! அதுவுமில்லாம கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலு, மசூதி, சர்ச்சு மூணும் கீது. அகழி வேற. இங்க இன்னா கீது?" என்றார். அதுவரை ஒரு வாரமாக நைனா அவ்வளவு சத்தமாகப் பேசவில்லை. பக்கத்தில் இருந்த கன்னியாஸ்திரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரோமிலிருந்து மியூனிக் வரை இரவு ரயில். ஆறு படுக்கை உள்ள பெட்டி, நாங்களும் ஆறு பேர். அத்தை கீழ்ப் படுக்கையில் காலை நீட்டியதும், "ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல படுக்க எடம் குடுத்த மாதிரி கீது" என்றார். ஆஸ்திரியா நாங்கள் தூங்கும்போது வந்து போய்விட்டது. அதைக் கணக்கில் சேர்க்கலாமா கூடாதா என்று பையனுக்குப் பெரிய கவலை. சேர்த்ததால்தான் ஆறு நாடு.

மே 22 மாலை வீடு வந்தோம். மொத்தச் செலவு 7,800 யூரோ. என் விடுப்பில் பாதி. நானும் கணவரும் துணி மாற்றாமலே பதினாலு மணி நேரம் தூங்கினோம். ஊருக்குத் திரும்ப அவர்களுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. டாக்டர் காலைப் பார்த்து, முன்பாதத்தில் பாரம் விழாத ஒரு செருப்பைக் கொடுத்து, நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஆக, காட்பாடிப் பெரியவர் எதைக் குற்றம் என்கிறாரோ அதையே செய்ய வேண்டியதாகிவிட்டது. அடைத்து வைத்தேன்.

வீட்டிலிருந்து காரில் ஐந்து நிமிஷத்தில் மைன் ஆற்றங்கரை. தினமும் சாயங்காலம் அங்கே ஒரு பெஞ்சில் நைனாவை இறக்கிவிடுவோம். சரக்குப் படகுகள் போகும். நைனா அவற்றை எண்ண ஆரம்பித்தார். மணல் படகு, கரிப் படகு, பெட்டி ஏற்றியது என்று பிரித்துப் பையனின் நோட்டில் கோடு போட்டார். நான் வேலை முடிந்து வந்தால் "இன்னைக்கு நாப்பத்தொண்ணு" என்பார். பாலாற்றைத் தினமும் மணலாகவே பார்த்து வளர்ந்த மனுஷன். ஒரு நாள் கேட்டார்: "இங்கயும் டேனரி இருந்துச்சா?" இருந்தது, ஓஃபன்பாக் தோல் பொருட்களுக்குப் பேர்போன ஊர் என்றேன். ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தார். 1996-இல் பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அவர் வேலை பார்த்த இடமும் சில மாதம் மூடிக் கிடந்தது. அந்தச் சம்பளமில்லாத மாதங்கள் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. தீர்ப்பைத் திட்டிக்கொண்டிருந்தவர் அன்றைக்கு, "அவங்க கேசு போட்டதும் ஒரு வகையில நியாயந்தான்" என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை.

அந்த ஊரில் ஒரு தோல் அருங்காட்சியகம் இருக்கிறது, 1917-இல் தொடங்கியது. என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஐந்து வருஷத்தில் நான் உள்ளே போனதில்லை. நைனாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஆட்டுத்தோல் எது, கன்றுத்தோல் எது, எது பட்டையில் பதனிட்டது, எது குரோமில் பதனிட்டது என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். பலகையில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சரி பார்த்தேன். ஒன்றே ஒன்றில்தான் தப்பினார், அதிலும் பலகைதான் தப்பு என்றார். லூவ்ர் திறந்திருந்தாலும் மோனாலிசாவுக்கு முன்னால் அவர் இரண்டு நிமிஷம்தான் நின்றிருப்பார். இங்கே மூன்று மணி நேரம்.

கடைசி வாரம் ஒரு ராத்திரி, அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்: "ரெண்டாவது நாளே எனக்கு முட்டி போச்சுடி. நீ இவ்ளோ செலவு பண்ணி கூட்டினு போற, எப்படி வாணாம்னு சொல்றது?" நானும் என் பங்கைச் சொன்னேன். ஈஃபில் வரிசையிலேயே எனக்குத் திரும்பிப் போய்ப் படுக்க வேண்டும்போல் இருந்தது, பத்து ராத்திரி டியூட்டி உடம்பில் இருந்தது, நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே என்றுதான் நடந்தேன் என்றேன். ஆறு பேரில் ஐந்து பேர் அடுத்தவருக்காகவே நடந்திருக்கிறோம். பையன் ஒருவன்தான் அவனுக்காக நடந்தான்.

காட்பாடிப் பெரியவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வேலைக்கு மட்டும் பெற்றோரைக் கூப்பிடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. உங்கள் பிள்ளை அப்படியா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் அடுத்த முறை போனில் அவர் "எங்கப்பா போகணும்?" என்று கேட்டால், "உன் இஷ்டம்" என்று சொல்லாதீர்கள். அந்த வார்த்தைதான் எங்களை நாசமாக்குவது. ஒரு இடம் சொல்லுங்கள். நடக்க முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். நாங்களும் உங்களிடம் சொல்லப் பழகுகிறோம்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் அடிக்கடி வருகிற "பத்தே நாளில் ஐரோப்பா" மாதிரிக் கட்டுரைகளில், எவ்வளவு செலவு, எங்கே ஷாப்பிங் என்று போடுகிறீர்கள், சரி. அதோடு ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை படி, எங்கே உட்கார இடம், கழிப்பறைக்குக் காசு கேட்கிற இடம் எது, எந்தக் கிழமை எது மூடியிருக்கும் என்றும் இரண்டு வரி போடுங்கள். அறுபது தாண்டியவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள். கெங்கையம்மன் புண்ணியத்தில் எங்கள் செவ்வாய்க்கிழமை நல்லபடியாகப் போனது. எல்லோருக்கும் அப்படி அமையாது.

இதை எழுதி முடித்ததும் நைனாவிடம் படித்துக் காட்டினேன். கால் ஆறிவிட்டது, ஐந்து வாரம் பிடித்தது, தழும்பு மட்டும் இருக்கிறது. முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: கொப்புளம் ஐந்து ரூபாய் அளவெல்லாம் இல்லை, ஒரு ரூபாய் அளவுதான் இருந்ததாம். நான் மாற்றவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குடியாத்தம்